கம்பெனி செட்டை மாற்றாமல் ஐபாட் கேட்பது

என் கார் 2008-ஆம் ஆண்டுத் தயாரிப்பு. கம்பெனியே பொருத்திக் கொடுத்த செட்டில் ரேடியோவும் சி.டி.யும் மட்டும் உண்டு, யு.எஸ்.பி. இல்லை, புளூடூத் இல்லை, வெளிக் கருவியின் ஒலியைக் கொண்டுவரும் ஆக்ஸ் ஒயரைச் செருக முன்பக்கத்தில் ஒரு துளைகூடக் கிடையாது. என்னிடம் இருக்கும் ஐபாட் (ஆப்பிளின் கையடக்கப் பாட்டுக் கருவி), 2007 செப்டம்பரில் வெளிவந்த கிளாசிக் வகையின் 80 ஜி.பி. மாடல். ஆப்பிள் நிறுவனம் கிளாசிக் விற்பனையை 2014-இல் நிறுத்தியது. 2022 மே மாதத்தில் ஐபாட் டச்சையும் நிறுத்தி, ஐபாட் வரிசைக்கே மங்களம் பாடிவிட்டது. இப்படிக் காலம் கடந்த இரண்டு பொருள்களை எதற்காகச் சேர்த்துவைக்க வேண்டும், கைப்பேசியில் கிடைக்காத பாட்டா என்று வீட்டில் கேட்கிறார்கள். கிடைக்காத பாட்டுதான். மாமா பல வருடங்களாக ரேடியோவிலிருந்தும் சபாக்களிலிருந்தும் கேசட்டில் பதிந்து வைத்திருந்த கச்சேரிகளைக் கணினிக்கு மாற்றி அந்த ஐபாடில்தான் ஏற்றியிருக்கிறேன். அவை எந்தச் செயலியிலும் இல்லை. ராகம் முடிந்து தானம் தொடங்கும் இடத்தில் கோப்பு மாறினாலும் நடுவில் ஒரு நொடிகூட மௌனம் விழாமல் தொடர்ந்து பாடும் வசதி அதில் இருக்கிறது என்பது இன்னொரு காரணம். கச்சேரி கேட்பவர்களுக்கு அந்த ஒரு நொடி எவ்வளவு எரிச்சல் தரும் என்பது தெரியும்.

எல்லோரும் சொல்லும் தீர்வு, பழைய செட்டைக் கழற்றிவிட்டு ஆண்ட்ராய்டு திரை வைத்த புதுச் செட்டைப் போடுவது. சென்னையில் கார் சாமான் கடைகள் நிறைந்த ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் எந்தக் கடை வாசலில் வண்டியை நிறுத்தினாலும் முதலில் அதைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. என் வண்டியில் செட்டின் முகப்பும் ஏ.சி. காற்று வரும் ஜன்னல்களும் ஒரே பிளாஸ்டிக் வார்ப்பாக இருக்கின்றன. புதுச் செட்டு போட வேண்டுமானால் அந்த வார்ப்பை எடுத்துவிட்டு வேறொரு சட்டத்தைப் பொருத்த வேண்டும், அதன் நிறமும் டாஷ்போர்டின் நிறமும் ஒரு நாளும் ஒத்துப்போகாது. ஸ்டீயரிங்கில் இருக்கும் சத்தம் கூட்டும் பொத்தான்கள் வேலை செய்வதற்குத் தனியாக ஒரு பெட்டி வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பழைய கம்பெனி செட்டுகளின் ரேடியோப் பகுதி இன்றைய மலிவுத் திரைச் செட்டுகளில் உள்ளதைவிடப் பெரும்பாலும் தரமானது என்பது என் அனுபவம். நன்றாகப் பாடிக்கொண்டிருக்கும் ஒன்றை, அதற்குள் ஒரு வாசல் இல்லை என்பதற்காகத் தூக்கி எறிய மனம் வரவில்லை.

வாசல் உண்மையிலேயே இல்லையா என்பதுதான் கேள்வி. செட்டின் முகத்தைப் பார்த்து அதை முடிவு செய்ய முடியாது. முதுகைப் பார்க்க வேண்டும். முதுகில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் எந்தக் கருவியையும் காசு கொடுத்து வாங்க வேண்டாம் என்பதே இந்தப் பதிவில் நான் சொல்ல வருவது.

ஆனால் எல்லோரும் முதலில் வாங்குவது எஃப்.எம். டிரான்ஸ்மிட்டரைத்தான் என்பதால் அதை முதலில் பேசிவிடலாம். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகும் அந்தச் சிறு கருவி, ஐபாடிலிருந்து வரும் ஒலியை எஃப்.எம். அலையாக்கி வெளியே விட, காரின் ரேடியோ அதை இன்னொரு நிலையமாக எண்ணிப் பிடித்துக்கொள்கிறது. செட்டில் கை வைக்கவே வேண்டியதில்லை என்பது அதன் பெரிய சிறப்பு. சென்னையில் அதற்கு முதல் இடைஞ்சல், அலைவரிசையில் இடம் கிடைப்பது. 91.1-இல் ரேடியோ சிட்டி, 92.7-இல் பிக், 93.5-இல் சூரியன், 98.3-இல் மிர்ச்சி, 101.4-இல் அகில இந்திய வானொலியின் ரெயின்போ, 106.4-இல் ஹலோ என்று பெரிய நிலையங்கள் வரிசையாக உட்கார்ந்திருக்க, அவற்றின் இடுக்கில் கையடக்கக் கருவியின் மெல்லிய அலை நுழைய வேண்டும். இவை போதாதென்று கல்லூரி வளாகங்களிலிருந்து இயங்கும் சமுதாய வானொலிகளும் உண்டு. 2004-இல் அண்ணா பல்கலைக்கழகம் 90.4-இல் தொடங்கியதுதான் நாட்டின் முதல் வளாகச் சமுதாய வானொலி. இத்தகைய நிலையங்களுக்கு அனுமதிக்கப்படும் வீச்சு 100 வாட்டுக்குள் அடங்கும் என்பதால், அவை நகரம் முழுக்கக் கேட்பதில்லை. அந்தந்த வட்டாரத்தில் மட்டும் பலமாக ஒலிக்கும். தாம்பரத்தில் காலியாக இருக்கிறதே என்று 90.4-ஐப் பிடித்து ஆலாபனையை ஓடவிட்டுக்கொண்டு ஜி.எஸ்.டி. சாலையில் வந்தால், கத்திப்பாராவை நெருங்கும்போது வித்துவானோடு சேர்ந்து வேறொருவரும் பேசத் தொடங்கிவிடுவார்.

இடம் கிடைத்துவிட்டாலும் ஒலித்தரம் ஓர் எல்லைக்கு மேல் போகாது. எஃப்.எம். ஸ்டீரியோ ஒலிபரப்பில் 19 கிலோஹெர்ட்ஸில் ஒரு வழிகாட்டிச் சமிக்ஞை போக வேண்டியிருப்பதால், இசைக்குக் கிடைப்பது 15 கிலோஹெர்ட்ஸ் வரையில்தான். அதுகூடப் பரவாயில்லை, கேசட்டிலிருந்து வந்த கச்சேரிக்கு அதற்கு மேல் பெரிதாக ஒன்றும் இருக்காது. தொல்லை தருவது அடியில் ஓடும் இரைச்சல். சினிமாப் பாட்டு தொடக்கம் முதல் முடிவு வரை ஏறக்குறைய ஒரே உரப்பில் ஒலிப்பதால் அந்த இரைச்சலை மூடிவிடும். வயலின் மட்டும் தம்பூராவுக்கு மேல் மெல்ல எழும் இடத்தில் மூடுவதற்கு எதுவுமில்லை. ஆன்டெனா ஒயரின் நடுவிலேயே பொருத்தும் ஒயர் வகை மாடுலேட்டர் ஒன்றும் உண்டு. அது வெளி ஆன்டெனாவைத் துண்டித்துவிட்டுத் தன் சமிக்ஞையை நேராக ரேடியோவுக்குள் செலுத்துவதால் அக்கம்பக்கத்து நிலையங்களின் தொல்லை வெகுவாகக் குறையும். வேறு வழியே இல்லாத செட்டுக்கு அதைத்தான் பரிந்துரைப்பேன்.

கேசட் டெக் உள்ள இன்னும் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் ஒருவகையில் பாக்கியசாலிகள். கேசட் வடிவிலேயே இருக்கும் அடாப்டரின் உள்ளே நாடா கிடையாது. நாடாவைப் படிக்கும் பகுதியான டெக்கின் ஹெட்டுக்கு நேர் எதிரே ஒரு சிறு ஹெட் இருந்துகொண்டு காந்தப்புலத்தின் வழியாகவே ஒலியைக் கைமாற்றிவிடுகிறது. எஃப்.எம்.மைவிட இது எவ்வளவோ மேல். ஆட்டோ ரிவர்ஸ் உள்ள டெக்குகள் நாடா முடிந்துவிட்டதாக நினைத்துப் பக்கம் மாற்றிக்கொண்டே இருப்பதுதான் வழக்கமான தொல்லை. அடாப்டருக்குள் இருக்கும் பற்சக்கரங்கள் தடங்கலின்றிச் சுழல்கின்றனவா என்று பார்த்துவிட்டால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

இனி முதுகுக்கு வருவோம். ஐரோப்பிய வழக்கத்தைப் பின்பற்றும் செட்டுகளில் ஐ.எஸ்.ஓ. 10487 என்ற தரத்தின்படி கப்ளர்கள், அதாவது ஒயர்க் கொத்துகளைச் செருகும் இணைப்பிகள், இருக்கும். எட்டுப் பின் கொண்ட இரண்டு: ஒன்று மின்சாரத்துக்கு, இன்னொன்று நான்கு ஸ்பீக்கர்களுக்கு. மின்சாரக் கப்ளரில் நான்காவது பின்னில் பேட்டரியிலிருந்து எப்போதும் 12 வோல்ட், ஏழாவதில் சாவியைத் திருப்பினால் மட்டும் 12 வோல்ட், எட்டாவதில் எர்த். சில தயாரிப்பாளர்கள் நான்கையும் ஏழையும் இடம் மாற்றிவைப்பார்கள் என்பதால் மீட்டர் வைத்துப் பார்க்காமல் நம்பக் கூடாது. இவற்றுக்கு மேலே மஞ்சள், பச்சை, நீலம் என்று மூன்று சிறு கப்ளர்களுக்கான இடம் இருக்கும். அந்த நீலத்தில்தான் பெரும்பாலும் நமக்கு வேண்டிய வாசல் இருக்கிறது: பல சி.டி.களை மாற்றி மாற்றிப் போடும் சி.டி. சேஞ்சருக்கான இணைப்பு. ஜப்பானிய, கொரிய வண்டிகளில் கப்ளரின் வடிவம் வேறாக இருக்கும். ஆனால் சேஞ்சருக்கென்று ஓர் இடத்தை ஒதுக்கிவைக்கும் வழக்கம் 2000-க்குப் பிந்தைய பத்தாண்டுகளில் பரவலாகவே இருந்தது. உயர்ந்த மாடலில் டிக்கியில் ஆறு சி.டி. போடும் சேஞ்சர் கொடுத்துவிட்டு, கீழ் மாடலில் அதே செட்டைச் சேஞ்சர் இல்லாமல் பொருத்தி அனுப்புவார்கள். துளை அப்படியே மூடி போட்டுக் காத்திருக்கும்.

என் செட்டில் அது இருக்கிறதா என்று பார்க்கத்தான் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்குப் போனேன். கடைப் பையன் முகப்பைப் பார்த்ததுமே, "சார், இதுக்கா இவ்ளோ மெனக்கெடறீங்க? ஆண்ட்ராய்டு செட்டு ஒண்ணு போட்டீங்கன்னா ரிவர்ஸ் கேமராவே வந்துரும்" என்றான்.

"எனக்கு இந்தச் செட்டே போதும் தம்பி. பின்னாடி சேஞ்சர் கப்ளர் இருக்கான்னு மட்டும் பாத்துச் சொல்லு."

உள்ளேயிருந்து வந்த வயதான எலெக்ட்ரீஷியன்தான் வேலையைக் கையில் எடுத்தார். பானெட்டைத் திறக்கும் முன்பே அவர் கேட்ட கேள்வி எனக்குப் பிடித்திருந்தது: "பேட்டரி நெகட்டிவ் கழட்டப்போறேன் சார், செட்டு கோடு வச்சிருக்கீங்களா?" பல கம்பெனி செட்டுகள் மின்சாரம் துண்டிக்கப்பட்டு மறுபடி வந்தால் ரகசிய எண்ணைக் கேட்கும், தவறாகப் பலமுறை அழுத்தினால் பூட்டிக்கொள்ளும். திருட்டைத் தடுக்க வந்த ஏற்பாடு அது. எண் எழுதிய அட்டை வண்டியின் கையேட்டுப் பையில் இருந்ததால் சிக்கலில்லை. இல்லாதவர்கள் செட்டின் மேலுள்ள வரிசை எண்ணைக் குறித்துக்கொண்டு, வண்டியின் பதிவுச் சான்றோடு சர்வீஸ் சென்டரில் கேட்டு வாங்கிய பிறகே பேட்டரியில் கை வைக்க வேண்டும். டாஷ்போர்டுக்குள் மஞ்சள் உறை போட்ட ஒயர்கள் கண்ணில் பட்டால் அவை ஏர்பேகுக்கு உரியவை. பேட்டரியைத் துண்டித்துச் சில நிமிடங்கள் கழியாமல் அந்தப் பக்கம் போகாமலிருப்பது நல்லது.

அவர் தட்டை ஸ்க்ரூடிரைவரின் நுனியில் இன்சுலேஷன் டேப்பை இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, ஏ.சி. ஜன்னலின் கீழ் விளிம்பில் மெல்ல நெம்பினார். கிளிப்புகள் ஒவ்வொன்றாக 'டக் டக்' என்று விடுபட, முகப்பு முழுதாகக் கையோடு வந்தது. பக்கத்துக்கு இரண்டாக நான்கு ஸ்க்ரூக்கள். கழற்றியவற்றை ஒரு காலி டீ கப்பில் போட்டு ஹேண்ட் பிரேக் பக்கத்தில் வைத்தார். செட்டை வெளியே இழுத்துத் திருப்பியபோது அதன் தலையில் தூசி மெத்தை போலப் படிந்திருந்தது. பனியன் துணியால் துடைத்ததும் கீழே ஓர் ஒட்டுத்தாள்: மாடல் எண், வரிசை எண், ஒவ்வொரு கப்ளரிலும் எந்தப் பின் எதற்கு என்ற சிறு வரைபடம். அந்தத் தாளைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டேன். உங்கள் செட்டைக் கழற்றினால் நீங்களும் முதலில் அதைத்தான் செய்ய வேண்டும், ஏனென்றால் அதன் பிறகு வாங்கப்போகும் எல்லாமே அந்த மாடல் எண்ணைப் பொறுத்தவை. ஸ்பீக்கர் கப்ளருக்குப் பக்கத்தில் யாரும் தொடாத ஒரு துளை, கறுப்பு மூடியோடு இருந்தது. "இருக்கு சார், கன்னி கழியாத கப்ளர்" என்று சிரித்தார் அவர்.

துளை இருக்கிறதே என்று அதில் ஒலி ஒயரை மட்டும் கொடுத்தால் செட் திரும்பியும் பார்க்காது. சேஞ்சருக்கும் செட்டுக்கும் இடையே ஒலி போகும் ஒயர்கள் தவிர, கட்டளைகள் போய்வரும் ஒயரும் உண்டு. சேஞ்சர் தன் பக்கத்திலிருந்து "நான் இருக்கிறேன், இத்தனையாவது தட்டு ஓடுகிறது" என்று இடைவிடாமல் தெரிவித்துக்கொண்டிருந்தால்தான் செட் அந்த ஒலி வழியைத் திறந்துவைக்கும். இந்தப் பேச்சைப் பொய்யாகப் பேசும் சிறு பெட்டியைத்தான் சேஞ்சர் எமுலேட்டர் என்கிறார்கள். அதில் இரண்டு வகை. ஒன்று, செட்டை நம்பவைப்பதோடு சரி. மறுமுனையில் ஒரு 3.5 மி.மீ. ஜாக் தரும், எந்தப் பாட்டுக் கருவியையும் அதில் செருகலாம். இன்னொன்று, ஐபாடின் 30 பின் கப்ளரோடு நேரடியாகப் பேசும். செட்டில் அடுத்த பாட்டுக்கான பொத்தானை அழுத்தினால் ஐபாடில் பாட்டு மாறும், ஸ்டீயரிங் பொத்தான்களும் வேலை செய்யும். இவ்வகையில் பல பெட்டிகள் ஒன்று முதல் ஐந்து வரையிலான தட்டுகளை ஐபாடில் நாம் போட்டுவைத்த பட்டியல்களாகவும், ஆறாவது தட்டை மொத்தப் பாட்டுகளாகவும் காட்டும். கச்சேரிகளை ஐந்து பட்டியல்களாகப் பிரித்துவைத்துவிட்டால் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்கலாம். நான் தேர்ந்தெடுத்தது இரண்டாவது வகையை.

அந்த 30 பின் கப்ளரைப் பற்றி ஒரு வார்த்தை. அதன் மூன்றாவது, நான்காவது பின்களில் வலது, இடது ஒலிகள் லைன் அளவில் வருகின்றன. ஐபாடில் சத்தத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் அவை மாறுவதில்லை. ஹெட்ஃபோன் துளையிலிருந்து எடுப்பதைவிட இது மேலானது, ஏனென்றால் ஹெட்ஃபோனை இயக்குவதற்கான ஆம்ப்ளிஃபையரையும் சத்தக் கட்டுப்பாட்டையும் தாண்டாமல் ஒலி நேராக வெளியே வருகிறது. கறாராகச் சொன்னால், ஒலி கடக்கும் கட்டங்கள் எவ்வளவு குறைகின்றனவோ அவ்வளவு நல்லது. முன்பக்க ஆக்ஸ் துளை உள்ள வண்டிக்காரர்களும் இருபுறமும் ஹெட்ஃபோன் பின் வைத்த சாதாரண ஒயருக்குப் பதிலாக, ஒருபுறம் 30 பின் வைத்த லைன் அவுட் ஒயரை, எலெக்ட்ரானிக் சாமான்கள் விற்கும் ரிச்சி தெருவில் தேடிப் பார்க்கலாம்.

அது கிடைக்காமல் ஹெட்ஃபோன் துளையையே பயன்படுத்த வேண்டியிருந்தால், சத்தத்தை எந்த முனையில் கூட்டுவது என்பதில் கவனம் வேண்டும். கருவியில் குறைவாக வைத்துவிட்டுக் கார் செட்டில் கூட்டினால், செட்டின் சொந்த இரைச்சலும் சேர்ந்து பெருகும். கருவியில் முழுவதும் ஏற்றினால் உரத்த இடங்களில் ஒலி கிழியும். எண்பது சதவீதத்தை ஒட்டி வைத்து, தனி ஆவர்த்தனத்தின் உச்சத்தில் மிருதங்கம் பிசிறடிக்கிறதா என்று கேட்டுப் பார்த்து, பிசிறடித்தால் சற்று இறக்குவதே நடைமுறையில் சரிவரும். பிறகு ரேடியோவுக்கு மாற்றும்போது சத்தம் திடுமென எகிறாத அளவில் இருந்தால் பொருத்தம் சரி என்று அர்த்தம். ஜாக்கின் நுனி இடது, அடுத்த வளையம் வலது, அடிப்பகுதி எர்த். கைப்பேசி ஹெட்செட்டுக்கான ஜாக்கில் மைக்குக்காக நான்காவது பகுதி ஒன்று இருக்கும். அதைச் சில கார்களின் துளையில் செருகினால் எர்த் சரியாகச் சேராமல் பாடகரின் குரல் மட்டும் கிணற்றுக்குள் போனது போலக் கேட்கும். மூன்று பகுதி உள்ள ஒயரைப் போட்டால் சரியாகிவிடும்.

இப்போது இந்த வேலையில் பெரும்பாலானோரை அலுத்துப்போகச் செய்யும் விஷயத்துக்கு வருகிறேன்: எஞ்சினோடு சேர்ந்து வரும் ஊளை. ஐபாடை இணைத்து, கூடவே சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் சார்ஜரையும் மாட்டினால், வண்டியைக் கிளப்பியதும் ஸ்பீக்கரில் 'உய்ங்' என்று ஒரு சத்தம் தொடங்கும். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் அதன் சுருதி ஏறும், விட்டால் இறங்கும். செட் கெட்டுவிட்டது என்று நினைத்து மாற்றியவர்களை எனக்குத் தெரியும். செட்டில் ஒரு குறையும் இல்லை. ஐபாடின் எர்த், ஒலி ஒயர் வழியாகச் செட்டுக்குப் போகிறது; சார்ஜர் வழியாக வண்டியின் உடம்புக்கும் போகிறது. இரண்டும் வண்டியின் வெவ்வேறு இடங்களில் முடிவதால் அவற்றுக்கிடையே மில்லிவோல்ட் கணக்கில் ஒரு வித்தியாசம் எப்போதும் இருக்கும். எஞ்சினோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் 14 வோல்ட்டை ஒட்டிக் கொடுக்கும் மின்சாரம் சுத்தமான நேர்மின்சாரம் அன்று. அதன் மேல் எஞ்சின் வேகத்துக்கேற்ப மாறும் சிற்றலை ஒன்று இருக்கிறது. அந்தச் சிற்றலை இரண்டு எர்த்துகளாலான வளையத்தில் ஓடும்போது, ஒலி ஒயரின் எர்த்திலும் ஓடுகிறது. செட் அதையும் பாட்டென்று நினைத்துப் பெருக்கித் தந்துவிடுகிறது.

கண்டுபிடிப்பது எளிது. சார்ஜரை மட்டும் பிடுங்குங்கள். ஊளை நின்றால் காரணம் இந்த வளையம்தான். நிற்காவிட்டால் செட்டின் சொந்த எர்த் ஒயரோ, ஒலி ஒயர் மின்சார ஒயரோடு ஒட்டிப் போகும் பாதையோ காரணமாயிருக்கும். வளையத்தை அறுக்கக் கடைகளில் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்று ஒரு குட்டி உருளை விற்கிறார்கள். அதற்குள் சேனலுக்கு ஒன்றாக இரண்டு சிறு டிரான்ஸ்ஃபார்மர்கள் இருக்கின்றன. ஒலி காந்தப்புலத்தின் வழியே தாண்டிப்போகும், எர்த் தாண்டாது. ஊளை சட்டென்று அடங்கிவிடும். ஆனால் மலிவான உருளைகளில் டிரான்ஸ்ஃபார்மரின் இரும்புக்கரு மிகச் சிறியது என்பதால், கனத்த தாழ்சுருதி வரும்போது அது தாங்க முடியாமல் திணறிச் சத்தத்தின் அடிப்பாகம் மெலிந்துவிடும். மிருதங்கத்தின் இடது முகமான தொப்பியில் விழும் கும்கி என்ற தாழ்ந்த ஒலியை முன்னும் பின்னும் கேட்டுப் பார்த்தால் வித்தியாசம் கையில் பிடிக்கிற மாதிரி தெரியும். சினிமாப் பாட்டில் அவ்வளவாகத் தெரியாது. அதனால் உருளையை வாங்குவதற்கு முன் வேறொரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளச் சொல்வேன்: காரில் சார்ஜ் செய்தே ஆக வேண்டுமா? இந்த 80 ஜி.பி. கிளாசிக்குக்குப் பாட்டு மட்டும் கேட்டால் 30 மணி நேரம் பேட்டரி வரும் என்று ஆப்பிள் சொன்னது. பேட்டரிக்கு வயதாகி அது பாதியாகக் குறைந்திருந்தாலும், வேளச்சேரிக்கும் அண்ணா சாலைக்கும் போய்வர ஒரு வாரத்துக்குத் தாராளம். வீட்டில் சார்ஜ் போட்டுக்கொண்டு வந்து காரில் ஒலி ஒயரை மட்டும் இணைப்பதுதான் எனக்குத் தெரிந்த மிக மலிவான ஐசொலேட்டர்.

எமுலேட்டர் பெட்டிகளில் சார்ஜும் அதே கப்ளர் வழியாகச் செட்டின் எர்த்திலிருந்தே வருவதால் இந்த வளையம் உருவாவதில்லை. ஊளை இல்லாமலே சார்ஜும் ஏறும். அங்கே வேறொரு பொறி இருக்கிறது. பழைய பெட்டிகள் ஃபயர்வயர் என்ற பழைய இணைப்பு முறைக்கான பின்களில் 12 வோல்ட் கொடுத்துச் சார்ஜ் செய்தன. 2008-இல் வந்த ஐபோன் 3ஜி, இரண்டாம் தலைமுறை ஐபாட் டச், நான்காம் தலைமுறை நானோ ஆகியவற்றிலிருந்து அந்தப் பின்களை ஆப்பிள் கைவிட்டது. ஆகவே பழைய பெட்டியில் இவற்றை மாட்டினால் பாட்டு வரும், சார்ஜ் ஏறாது. பழைய பெட்டியை யாராவது கழற்றி விற்கிறார்களே என்று வாங்குமுன் உங்கள் ஐபாட் எந்தத் தலைமுறை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

என்னுடையதற்குச் சற்றுப் பின்னால் வந்த வண்டிகளில் யு.எஸ்.பி. துளை இருக்கும், ஐபாடை அதில் மாட்டினாலே போதுமே என்று தோன்றும். அந்தத் துளை ஐபாடின் மொழியைப் பேசுமா, பென்டிரைவை மட்டும் படிக்குமா என்பதைப் பொறுத்தது. பென்டிரைவை மட்டும் படிக்கும் செட்டில் ஐபாடை மாட்டினால், ஒன்று அதைக் கண்டுகொள்ளவே கொள்ளாது, அல்லது எஃப்00, எஃப்01 என்ற பெயர்களில் உறைகளும் அவற்றுக்குள் அர்த்தமில்லாத நான்கெழுத்துப் பெயர்களில் பாட்டுகளும் வரும். ஐபாட் தன் பாட்டுகளை அப்படித்தான் சேமித்துவைக்கிறது. எது எந்தப் பாட்டு என்ற விவரம் தனியான தரவுத்தளத்தில் இருக்கிறது, அதைப் படிக்கச் செட்டுக்குத் தெரியாது. மேக் கணினியில் தயார் செய்த ஐபாட் என்றால் அதன் வட்டு அமைப்பே வேறு, செட் எதையும் படிக்காது. எம்.டி.பி. என்ற முறையில் பேசும் வேறு நிறுவனக் கருவிகளும், ஆண்ட்ராய்டு கைப்பேசிகளும் செட்டுக்குத் தெரியாத மொழியைப் பேசுவதால்தான் பழைய யு.எஸ்.பி. செட்டில் மௌனமாக இருந்துவிடுகின்றன.

பென்டிரைவே போதும் என்பவர்கள் அதை ஃபேட் 32 முறையில் ஃபார்மட் செய்ய வேண்டும், என்.டி.எஃப்.எஸ். முறையைப் பழைய செட்டுகள் பெரும்பாலும் படிப்பதில்லை. பல செட்டுகள் பெயரின் அகரவரிசையில் பாடுவதில்லை, பென்டிரைவில் எந்த வரிசையில் எழுதப்பட்டதோ அந்த வரிசையிலேயே பாடும். கச்சேரியில் வர்ணத்துக்கு முன் மங்களம் வருகிறது என்றால் காரணம் இதுதான். எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஒவ்வொன்றாக வரிசைப்படி ஏற்றினால் சரியாகிவிடும். தமிழில் பெயரிட்ட பாட்டுகள் திரையில் கட்டம் கட்டமாகவோ கேள்விக்குறிகளாகவோ தெரிவது பாட்டுக் கோப்பின் குற்றம் அன்று. செட்டுக்குள் தமிழ் எழுத்துரு இல்லை, அதைப் பிறகு சேர்ப்பது பெரும்பாலும் நடக்காத காரியம். ராகத்தின் பெயரை ஆங்கில எழுத்தில் சுருக்கமாக எழுதிவிட்டு வேலையைப் பார்க்க வேண்டியதுதான். உலகெங்கும் கார் விற்கிறவர்களுக்குச் சென்னைக்கு அருகிலேயே தொழிற்சாலைகள் இருந்தும் இதில் மட்டும் நமக்கு இவ்வளவு வருடங்கள் விடிவு வராதது எரிச்சலாகத்தான் இருக்கிறது.

புளூடூத் வழியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை, ஐபாட் கிளாசிக்கில் அது இல்லை. உள்ள கருவிகளுக்கும் ஓர் எச்சரிக்கை: செட்டில் புளூடூத் அடையாளம் இருந்தால் மட்டும் பாட்டு கேட்டுவிட முடியாது. தொலைபேசி அழைப்புக்கான முறையும் ஸ்டீரியோ இசைக்கான ஏ2டி.பி. முறையும் வெவ்வேறு, ஒரு காலத்துக் கம்பெனி செட்டுகள் முதலாவதோடு நின்றுவிட்டன.

ஐபாடை எங்கே வைப்பது என்பது சென்னையில் சாதாரண கேள்வி அன்று. ஆப்பிள் சொல்லும் சேமிப்பு வெப்பநிலையின் மேல் எல்லை 45 டிகிரி. கத்திரி வெயிலில் கடற்கரைச் சாலையோரம் ஜன்னல்களை ஏற்றிவிட்டு நிறுத்திய காருக்குள் அந்த எல்லையைத் தாண்ட அதிக நேரம் பிடிக்காது. லித்தியம் பேட்டரி உப்பி முதுகுத்தகடு பிதுங்கிய ஐபாடுகளை ரிச்சி தெருப் பழுதுக்கடை மேசைகளில் பார்க்கலாம். எமுலேட்டரின் ஒயரைச் செட்டுக்குப் பின்னாலிருந்து கையுறைப் பெட்டியின் பின்சுவரில் துளையிட்டு, விளிம்பு ஒயரை வெட்டாதபடி ரப்பர் வளையம் போட்டுக் கொண்டுவந்திருக்கிறோம். வண்டியை விட்டு இறங்கும்போது ஐபாட் என் சட்டைப்பைக்கு வந்துவிடும், ஒயர் மட்டும் பெட்டிக்குள் கிடக்கும். குண்டும் குழியுமான சாலையில் சுழலும் வட்டு தாங்குமா என்று கேட்பவர்களுக்கு: அது பாட்டை முதலில் நினைவகத்தில் ஏற்றிக்கொண்டு வட்டை நிறுத்திவிடுகிறது, பெரும்பாலான நேரம் வட்டு சுழல்வதே இல்லை. மெட்ரோ வேலைக்காகத் தோண்டிய சாலைகளில் சி.டி.தான் தாவியிருக்கிறது, ஐபாட் தாவியதில்லை.

குறைகள் இல்லாமலில்லை. செட்டின் திரையில் பாட்டின் பெயர் வராது, தட்டு எண்ணும் பாட்டு எண்ணும் மட்டுமே வரும். அதிலும் 99-க்கு மேல் எண்ணத் தெரியாததால் நூறாவது பாட்டிலிருந்து மறுபடி சைபராகிவிடுகிறது. எஞ்சினைக் கிளப்பும் நொடியில் மின்னழுத்தம் இறங்குவதால் பெட்டி ஒருமுறை தடுமாறி, செட் ரேடியோவுக்குத் தாவிக்கொள்கிறது; சி.டி. பொத்தானை மறுபடி அழுத்த வேண்டும். எஞ்சினை முதலில் கிளப்பிவிட்டு அதன் பிறகு செட்டைப் போட்டால் இந்தத் தொல்லையும் இல்லை.